மஞ்சள் நோட்டீஸும் வீட்டுக் கடனும்

திருப்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் எங்களுக்கெல்லாம் ரொம்பச் சந்தோஷம். என்னைப் பற்றி நீ கேள்விப்பட்டது உண்மைதான். ஆர்டர் நின்று, நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் பாக்கி ஏறிக்கொண்டே போனதால் கோர்ட்டில் ஐ.பி., அதாவது திவால் மனு, போட்டிருக்கிறேன். மனு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது.

"மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தாச்சே, இனி வீட்டை யாரும் தொட முடியாதில்லையா?" என்று கேட்டிருக்கிறாய். இங்கேயும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். தனி ஆள் திவாலுக்கு எங்கள் ஊரில் இன்னும் 1920-ஆம் வருஷத்துச் சட்டம்தான். 2016-இல் வந்த புதிய சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தப் பழைய சட்டம் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரைத் தடுப்பதில்லை. நூல் கடைக்காரர் கோர்ட்டில் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் கொடுத்தவர் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கலாம்.

தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அப்புறம், அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே கைப்பற்றி விற்க வழி தருகிற சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். எனக்கும் வந்தது. அபராதத்தை அசலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். ரிசர்வ் வங்கி 2024-இலிருந்து இதற்குத் தடை போட்டிருக்கிறது. ஆட்சேபணையை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்பது சட்டம். திருத்திக் கொடுத்தார்கள். கிளையில் வாய்ப்பேச்சு எதுவும் நிற்காது செல்வம். "பார்க்கலாம் சார்" என்றவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

என்னை வதைப்பது பத்மாவின் நிலைமைதான். வீடும் கடனும் இருவர் பேரிலும் இருக்கின்றன. எனக்குக் கோர்ட் கடனிலிருந்து விடுதலை கொடுத்தாலும் அவள் பொறுப்பு அப்படியே நிற்கும். அவளுடைய பள்ளிக்கூடச் சம்பளத்துக்குத் தாங்குகிற மாதிரி தவணைக் காலத்தை நீட்டித் தரச்சொல்லி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். முடியாது என்றால், ஏலத்துக்கு விடாமல் நாங்களே ஆள் பார்த்து விற்கச் சம்மதம் கேட்போம். ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது அபூர்வம். விற்றாலும் கோர்ட்டுக்குத் தெரியாமல் விற்கக் கூடாது. என் பங்கில் மிஞ்சுவது மற்றக் கடன்காரர்களுக்குப் போகும். அது நியாயம்தான். நூல் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சரக்குக் கொடுத்தவர்.

வீட்டைக் கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கோவை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். வக்கீல் அதற்கும் தயாராக இருக்கிறார்.

உன் மைத்துனர் கடையிலும் நெருக்கடி என்று எழுதியிருந்தாயே, ஐ.பி. பற்றி யோசிக்கும் முன்பே வீட்டுக் கடன் கொடுத்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல். நான் எழுதியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன், அவரிடம் கொடு. அடுத்த வாய்தா முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமசாமி