பேரல் மாறினால் துப்பாக்கி போலியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேரல் (குண்டு பாய்ந்து வரும் குழாய்) மாற்றிய லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி என்றால் 'போலி, காசுக்குப் பிரயோஜனமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் இந்தச் சேகரிப்பாளர்களோடு பழகுகிறவன் நான். பேரல் என்பது தேய்ந்துபோகும் பாகம். ராணுவப் பட்டறையே மாற்றியிருக்கும், போலீஸ் மாற்றியிருக்கும், இல்லை விலையேற்றி விற்கப் போன வருடம் ஒரு வியாபாரி மாற்றியிருப்பார். மூன்றும் எப்படி ஒன்றாகும்?

ஜெர்மன் ராணுவத்தின் பி-08 லூகரைக் கவிழ்த்துப் பிடித்து, பேரல் ரிசீவரோடு (பேரலைத் திருகி மாட்டும் பின்பாகம்) சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அடிப்பக்கம் பாருங்கள். துப்பாக்கியின் முழு வரிசை எண்ணும் அங்கே அடித்திருக்கும், எண்ணோடு பெரும்பாலும் சின்னதாக ஓர் எழுத்தும் இருக்கும். எண் ஒத்துப்போகிறது என்று பலர் அங்கேயே திருப்திப்பட்டுவிடுகிறார்கள், எழுத்தைப் பார்ப்பதில்லை. 10,000 வரை எண் போட்டு முடிந்ததும் மறுபடி 1-லிருந்து தொடங்கி a, b என்று எழுத்து சேர்த்தார்கள், வருடம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் ஒரே நாலு இலக்க எண் பல துப்பாக்கிகளில் உண்டு, எழுத்து வேறாக இருந்தால் பேரல் வேறு துப்பாக்கியுடையது. பழைய எண்ணை ராவிவிட்டுப் புது எண் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இடம் மட்டும் லேசாகத் தட்டையாகி, இலக்கங்களின் வடிவமும் ரிசீவரில் உள்ளதோடு சேராமல் நிற்கும், விரலால் தடவினாலே சில சமயம் தெரிந்துவிடும்.

பேரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் விழும்படி ஒரே வெட்டாக ஒரு கோடு இருக்கும். கோடு நேர்கோட்டில் சேரவில்லை என்றாலோ, ஒரு பக்கம் ஒன்றும் இன்னொரு பக்கம் இரண்டுமாக இருந்தாலோ, யாரோ கழற்றியிருக்கிறார்கள். முதல் உலகப்போர் காலப் பேரல்களில் எண்ணுக்குப் பக்கத்தில் 8,82 அல்லது 8,83 என்பது போல ஒன்று அடித்திருக்கும் (ஜெர்மன்காரர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்). அது உட்துளையின் அளவு, மில்லிமீட்டரில். 9 மி.மீ. துப்பாக்கியில் இது எப்படி என்று குழம்ப வேண்டாம், உள்ளே குண்டைச் சுழலவைக்க வெட்டிய சுருள்வரிகளின் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்தது அது. பிற்காலத்தில் கடைச் சரக்காகச் செய்த பேரலில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

பீரங்கிப் படைக்காகச் செய்ததை 'பீரங்கி லூகர்' என்கிறார்களே, அதன் பேரல் 200 மி.மீ. நீளம். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு விதித்த ஆயுதக் கட்டுப்பாடுகளால் அதில் பலவற்றை 100 மி.மீ.க்குக் கீழே வெட்டினார்கள், அல்லது குட்டைப் பேரல் மாட்டினார்கள். ஆனால் நீளப் பேரலின் பின்பக்கக் குறிபார்வைக்காக ரிசீவரின் முன்பக்கம் செதுக்கிய பள்ளம் பல துப்பாக்கிகளில் அப்படியே நிற்கிறது. குட்டைப் பேரலும் அந்தப் பள்ளமும் சேர்ந்திருக்கும் துப்பாக்கியைப் போலி என்பதா? 1920-களில் ஜெர்மனி பட்ட பாடு அதில்தான் இருக்கிறது. எனக்கு எல்லாம் ஒத்துப்போகும் பளபளப்பான துப்பாக்கியைவிட இதுதான் பிடிக்கும், விலை குறைவாகவே இருக்கட்டும்.

அமெரிக்க ராணுவத்தின் '1911' மாடல் பிஸ்டல் வேறு கதை. அதன் பேரலைக் கையாலேயே கழற்றிவிடலாம், துப்பாக்கியின் எண்ணும் அதில் கிடையாது. இரண்டாம் உலகப்போர் காலப் பேரல்களில் ஹை ஸ்டாண்டர்டு கம்பெனி எச்எஸ் என்றும், ஃபிளானரி கம்பெனி எஃப் என்றும் அடித்தார்கள். 7791193 என்ற பாக எண் இருந்தால் அது போருக்குப் பிந்தியது. 1918-ல் செய்த துப்பாக்கியில் இதைப் பார்த்தால், பேரல் மாறியது உறுதி. ஆனால் அதை மாற்றியது ராணுவமா தனியாரா என்று பேரலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், உட்துளை. அந்தக் காலத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து உப்பு மாதிரிப் படிந்து இரும்பை அரிக்கும், நூறு வயதான பேரலில் துருக்குழி இருப்பது சகஜம். கண்ணாடி போல மின்னினால் நான் முதலில் சந்தேகப்படுவேன். உள்ளே வெளிச்சம் அடித்தால் நிழல் வளையம் தெரிகிறதா, அந்த இடத்தில் பேரல் உப்பியிருக்கிறது. அதைச் சுடவே கூடாது, அலமாரிக்கு மட்டும்தான்.

அமெரிக்கச் சட்டப்படி பிஸ்டலின் அடிச்சட்டம்தான் (கைப்பிடி இருக்கும் பாகம்) துப்பாக்கி, பேரல் வெறும் உதிரிபாகம். அதனால்தான் இங்கே சந்தையில் இவ்வளவு பேரல் புழங்குகிறது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி பாகங்களும் ஆயுதத்தில் சேர்த்தி. கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது வெளிநாட்டிலிருந்து பேரல் மட்டும் வரவழைத்துவிடப் போகிறார்கள், இதை நீங்களே ஒரு வரி போட்டுவிடுங்கள். நீங்கள் அச்சிட்ட லூகர் படமும் மேல்பக்கம்தான். அடிப்பக்கப் படம் கையில் இருந்தால் அதையும் போடுங்கள், அது எந்த வகை மாற்றம் என்று வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒகையோ, அமெரிக்கா