நானோ இழைக்கு உயர் மின்னழுத்தம் கட்டாயமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளின் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு நானோ இழை, அதாவது தலைமயிரைவிட மிகமிக மெல்லிய இழை, செய்யும் கருவி வாங்க நினைப்போர் முதலில் சுழல் நூற்பைப் பார்க்க வேண்டும்.

பலரும் கேட்பது மின்புல நூற்பு இயந்திரத்தை. ஊசிமுனைக்கு 10 முதல் 25 கிலோவோல்ற்று கொடுத்து, மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் பல்பகுதியக் (பிளாஸ்டிக் போன்ற நீள்சங்கிலிப் பொருள்) கரைசலைத் தள்ளும் முறை அது. கரைசல் 8 வீதமென்றால் ஒரு மணித்தியாலத்தில் கிடைப்பது 0.08 கிராம் இழை. 10 கிராம் எடையுள்ள ஒரு சதுர மீற்றர் வடிகட்டிப் பாய்க்கு ஓர் ஊசி ஐந்து நாளுக்கு மேல் இராப்பகலாக ஓட வேண்டும்.

சுழல் நூற்பில் மின்னழுத்தம் இல்லை. தும்பு மிட்டாய் இயந்திரம் போலத்தான்: வேகமாகச் சுழலும் கிண்ணம் கரைசலை நுண்துளையால் வீச, அது காற்றில் மெலிந்து உலர்ந்து, 10 முதல் 15 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்திய கம்பிகளில் படியும். இழைகளின் தடிப்பு சற்று ஏறி இறங்கும். ஆனால் அதே நேரத்தில் கிடைக்கும் இழை பல மடங்கு.

அலுமினியக் கிண்ணத்தை லேத் பட்டறையில் கடையலாம். எதிரெதிராக இரண்டு 27 கேஜ் ஊசிகள், நிமிடத்துக்கு 4000 முதல் 8000 சுற்று தரும் மோட்டார், வேகக் கட்டுப்பாடு போதும். ஊசிகளின் எடை சமமாக இல்லாவிட்டால் அந்த வேகத்தில் முழுக் கருவியும் அதிரும். மூடி தடித்த பொலிகாபனேற்றாக இருக்கட்டும், கண்ணாடி கூடவே கூடாது. மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வையுங்கள். எதனோல் கரைசலென்றால் கரித் தூரிகை உரசி ஓடும் மோட்டாரைத் தவிருங்கள். அதன் தீப்பொறி போதும் தீப்பிடிக்க.

பழகுவதற்கு, நீரில் கரையும் பல்பகுதியமான பொலிவைனைல் அற்ககோல் நல்லது. 10 கிராம் தூளை 90 கிராம் குளிர்நீரில் தூவிக் கலக்கிய பிறகே 85 பாகைக்குச் சூடாக்க வேண்டும். நேரே சுடுநீரில் கொட்டினால் கட்டி விழும். கட்டி ஊசியை அடைக்கும். ஆறவைத்துக் குமிழி அடங்கிய பின் ஊற்றுங்கள். இழையில் மணி மணியாகத் தெரிந்தால் கரைசல் நீர்த்துவிட்டது, ஒரு வீதம் கூட்டுங்கள்.

நமது கரையோரத்தின் பெரிய தொல்லை ஈரப்பதன். கச்சான் அடிக்கும் பிற்பகலில் ஒழுங்காக வரும் அதே கரைசல், மாரியில் உலராமல் கம்பியில் ஒட்டி, இழையோடு இழை உருகியதுபோல் படலமாகிவிடும். மூடிய பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வைத்து ஈரப்பதனை 50 வீதத்துக்குக் கீழே இறக்குவது, விலை கூடிய மோட்டார் வாங்குவதைவிடப் பயன் தரும்.

இந்தப் பாய் நீரில் கரையும். 150 பாகையில் சூடாக்கினால் கரைவது குறையும்; நீர் வடிகட்டிக்கு அது போதாது, பல்பகுதியச் சங்கிலிகளை இரசாயன முறையில் ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு வேண்டும். மின்கலத்தின் மின்வாய்கள் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் பாய்க்கு வேறு பல்பகுதியம் வேண்டும். மின்கொள்ளளவிக்கான காபன் இழைக்கோ பொலிஅக்ரிலோநைத்திரைல் என்ற பல்பகுதியத்தின் இழையைக் காற்றில் 250 பாகையளவில் பதப்படுத்தி, பிறகு நைதரசனில் 800 பாகைக்கு மேல் சுட வேண்டும். அது பாடசாலை வேலையல்ல, பல்கலைக்கழக உலைக்குரியது.

சாதாரண நுணுக்குக்காட்டியில் மணிகளும் ஒட்டல்களும் தெரியும், நானோ விட்டத்தை அளக்க முடியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி வசதியுள்ள ஆய்வுகூடங்கள் பாடசாலை மாதிரிகளையும் ஏற்று அளந்து கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொருள் விஞ்ஞானத் துறையினர் சிலர்,
மட்டக்களப்பு.