ஊற்றுக்கு உழைத்தவர்களுக்கு எங்கள் நன்றி

கோத்தகிரி மலைச்சாலையோர ஊற்றில் குடிதண்ணீர் பிடிக்கிற எல்லோர் சார்பாகவும் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கும் உடன் மண் வெட்டியவர்களுக்கும். குழாயில் விழும் தண்ணீர்தான் நம் கண்ணில் படுகிறது. வேலையெல்லாம் சுவருக்குப் பின்னால். சேற்றையும் சருகையும் வாரி, ஊற்றுக்கண் தெரியும்வரை தோண்டி, கழுவிய கல்லும் சல்லியும் அடுக்கி, அதன்மேல் பிசைந்த களிமண்ணை அறைந்து மூடினார்கள். அந்தக் களிமண் இல்லையென்றால் மழைத்தண்ணீர் மேலிருந்து நேரே உள்ளே இறங்கிவிடும். குழாயை ஊற்றுக்கண்ணுக்குக் கீழேதான் வைப்பேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றாரே, அதுதான் ஊற்றைக் காப்பாற்றியது. உயரத்தில் வைத்துத் தேக்கினால் பின்னழுத்தம் கூடி ஊற்று வேறு வழியில் கசிந்து போய்விடும். குழாய் வாயில் திருகு போடாததற்கும் இதே காரணம். இரவெல்லாம் ஓடுவது வீண் இல்லை, அது கீழே ஓடைக்குப் போகிற தண்ணீர்.

மேலே இருக்கும் தேயிலைத் தோட்டக்காரருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஊற்றுக்கு 10 மீட்டர் மேலே, மழைநீரை ஒதுக்கிவிடும் வாய்க்கால் வெட்ட இடம் கொடுத்தார். அந்தச் சரிவில் உரம் போடுவதையும் களைக்கொல்லி அடிப்பதையும் நிறுத்திக்கொண்டார். இதன் அருமை பலருக்குத் தெரியாது. உரத்திலிருந்து குடிநீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்பு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கக் கற்றுத் தந்த ஆய்வகச் சகோதரிக்கும் நன்றி. கிருமி நீக்கிய பாட்டிலைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வருகிற முடிவு ஊற்றைப் பற்றியதாக இருக்காது, நம் கையைப் பற்றியதாக இருக்கும்.

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்களே, கேனின் வாயைக் குழாயில் முட்டவிடாமலும், ரப்பர் குழாய் செருகவிடாமலும், பக்கத்தில் வண்டி கழுவவிடாமலும் நீங்கள் தடுப்பதால்தான் மற்றவர்கள் செய்த வேலை நிலைக்கிறது. கனமழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கினால் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் நீங்கள்தான். மழை பெய்த சில மணி நேரத்திலேயே கலங்குகிறதென்றால் மேல்தண்ணீர் எங்கோ உள்ளே புகுகிறது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். இந்த மலை உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் தளதளவென்று கொதி வந்த பிறகு 3 நிமிடம் அடுப்பில் விடுங்கள்.

ஊற்றின் நீர்வரத்தை அளந்து நோட்டில் குறித்துவரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர். மார்ச் முதல் மே வரை வாரம் தவறாமல் அளந்துவிடுங்கள், கோடைக் கணக்குதான் முக்கியம்.

வெயிலில் களிமண் மூடி வெடித்திருக்கும். ஜூன் மழைக்கு முன் விரிசலை அடைத்து, வாய்க்காலில் சேர்ந்த மண்ணையும் அள்ள வேண்டும். மண்வெட்டி இருப்பவர்கள் கொத்தனார் அண்ணனிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊற்றுத் தண்ணீர் குடிக்கும் குடும்பங்கள்