மூடிக் கிடக்கும் சாப்பாட்டுக் கூடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் குடியிருப்புகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை, கோவைக்கு மேற்கே அப்படியொரு குடியிருப்பில் 2019 முதல் வசித்து வருபவன் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். லிஃப்ட், வழுக்காத தரை, குளியலறைக் கைப்பிடி, அவசர அழைப்பு மணி என்று வீடு வாங்குவோர் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நாங்கள் குடிவந்த புதிதில் மூன்று வேளையும் கூடத்தில்தான் சாப்பிட்டோம். சாம்பாரில் பூண்டு சேர்க்கலாமா கூடாதா என்பதில் பாலக்காட்டுக்காரர்களுக்கும் எங்கள் கொங்குப் பக்கத்தாருக்கும் மாதாமாதம் சமையல் குழுக் கூட்டத்தில் நடந்த சண்டையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மதியத் தூக்கத்துக்குப் பிறகு நாலைந்து பேர் சமையற்கட்டை ஒட்டிய திண்ணையில் உட்கார்ந்து மறுநாளுக்கு அவரைக்காய் நார் உரிப்பார்கள். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வாழ்நாளில் முதன்முறையாகக் கீரை ஆயக் கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையில்தான். ஒரு நாள் காலை, வழக்கமாக ஏழே முக்காலுக்கே வந்துவிடும் ஒருவரின் நாற்காலி எட்டேகால் வரை காலியாக இருந்தது. எதிரில் உட்காரும் அம்மாள் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். சர்க்கரை இறங்கி, கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடந்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. அவசர மணி அவர் தலைமாட்டில்தான் இருந்தது. கை அதுவரை போகவில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது கூடத்தை மூடி, சாப்பாட்டை டிபன் கேரியரில் வைத்து வீட்டு வாசலுக்கே அனுப்பத் தொடங்கினார்கள். அது அன்றைய தேவை. அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் தொற்று ஓய்ந்த பிறகும் நிர்வாகம் கூடத்தைத் திறக்கவில்லை. பரிமாற ஆள் வேண்டாம், மேசை துடைக்க வேண்டாம், செலவு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. எங்களிலும் பலர் அந்த வசதிக்குப் பழகிவிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். விளைவு, சென்ற ஆண்டு எதிர் வரிசையில் குடிவந்த தம்பதியரின் பெயர் எனக்குத் தெரிந்ததே எட்டு மாதம் கழித்து, அதுவும் கூரியர்க்காரர் வழி கேட்டபோதுதான். ஒரு வீட்டு வாசலில் காலையில் வைத்த கேரியர் மதியம் இரண்டு மணி வரை எடுக்கப்படாமலே இருந்தது. அந்த வழியாக நடந்த நாங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தோம், ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணிக் கடந்து போனோம். நல்லவேளை, உண்மையிலேயே ஊருக்குத்தான் போயிருந்தார்கள்.

இந்தக் குறையை ஈடுகட்ட நிர்வாகம் மாதம் ஒருமுறை தம்போலாவும் பிறந்தநாள் கேக்கும் ஏற்பாடு செய்கிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதுக்கு மேல் ஒருவரோடு ஒருவர் நெருங்குவது, கைதட்டச் சொல்லும் நிகழ்ச்சிகளால் நடப்பதில்லை. தினமும் ஒரே நேரத்தில், ஒரு காரணத்தோடு, அதிகம் பேசாமல்கூட அருகருகே உட்கார முடிந்தால் நடக்கிறது. தனிமையை விரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். யாரோடும் ஒட்டாத ஒரு நண்பர், கூடத்தின் மூலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். இருந்தாலும் அவர் வராவிட்டால் நாங்கள் கேட்போம்.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கதவின் அகலம் 900 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பதுவரை விதி வகுத்தது. சக்கர நாற்காலி நுழையும் கதவு கட்டாயம் வேண்டும்தான். அந்தக் கதவைத் தாண்டி வருகிறவர் போய் உட்கார ஓர் இடம் நாள்தோறும் திறந்திருக்க வேண்டும் என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்கும் நிலை வர வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீட்டுக்கே சாப்பாடு போகட்டும். மற்றவர்களுக்கு ஒரு வேளையாவது கூடத்தில் பரிமாறட்டும்.

எங்கள் குடியிருப்பில் பதினான்கு பேர் கையெழுத்திட்டுக் கேட்டதில், சென்ற மாதம் முதல் காலைச் சிற்றுண்டிக்கு மட்டும் கூடத்தைத் திறந்திருக்கிறார்கள். அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளைத் துடைக்கவே ஒரு நாள் ஆயிற்று. பூண்டுச் சண்டை இன்னும் தொடங்கவில்லை.

தங்கள் வாசகர்களில் யாராவது பெற்றோருக்காகவோ தமக்காகவோ இப்படி ஒரு வீடு பார்க்கப் போவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை விற்பனைப் பிரதிநிதி அழைக்கும் நேரத்தில் போக வேண்டாம். வேலைநாளில் மதியம் பன்னிரண்டரைக்குச் சொல்லாமல் போய், கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
குடியிருப்புவாசி ஒருவர்,
கோவை.