ஒரு பந்து, ஒரு இலக்கு: சீனக்குடாவில் இருந்து டொரொன்டோ மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்துக் கொஞ்ச நாளாகிறது. உடனே பதில் எழுதத்தான் நினைத்தேன், புதுவருஷத்துக்குக் கொழும்பில் இருந்து பிள்ளைகள் வந்து நின்றதில் வீடு நிரம்பிவிட்டது, அவர்கள் புறப்பட்டுப் போய் இன்றைக்குத்தான் ஆறுதலாக உட்கார முடிகிறது. இங்கே எல்லோரும் சுகம். உவர்மலை வீட்டுக்கு ஒருவழியாகக் கூரை மாற்றியாகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் நோ குறைந்து, இப்போது கோணேசர் கோயில் ஏற்றத்தில் யார் கையையும் பிடிக்காமல் தானே நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார். கோட்டைக்குள் மான்கள் முன்னைப்போலவே திரிகின்றன. வெயில்தான் சரியான வெயில், விடிய வெள்ளன வெளிக்கிட்டால்தான் மைதானத்தில் நிற்கலாம்.

சரி, உன் கோல்ஃப் விஷயத்துக்கு வருகிறேன். புது டிரைவர் கிளப் (தூரத்துக்கு அடிக்கிற மட்டை) வாங்கியது, போன கோடை முழுக்கப் பின்னேரங்களில் பயிற்சி ரேஞ்சில் நின்று கூடை கூடையாகப் பந்து அடித்தது, ஆனாலும் ஹேண்டிகேப் (திறமைக் கணக்கு, குறையக் குறைய நல்லது) 24ஐ விட்டு அசையவில்லை என்றது, கடைசியில் "இந்த வயதில் இனி வராது போல" என்று முடித்தது, எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. வயது போனால் பந்து போகும் தூரம் குறையும், அது உண்மை. ஆனால் 24இல் நிற்பவனை அங்கேயே பிடித்து வைத்திருப்பது வயது இல்லை, அவன் பழகுகிற விதம். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ரேஞ்சில் நீ என்ன செய்கிறாய் என்று யோசித்துப் பார். சமதரையில் விரித்த பாய், கையில் ஒரே கிளப், ஒரே திசை. ஒன்பதாவது பந்து வலதுபக்கம் போனால் பத்தாவதில் திருத்துகிறாய், பதினைந்தாவது பந்தில் எல்லாம் நேராகப் போகிறது, சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறாய். களத்தில் அந்தப் பத்தாவது பந்து கிடையாது. ஒரு ஷாட் அடித்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் நடக்கிறாய், பிறகு வேறு கிளப், வேறு தூரம், கால் ஒன்று மேட்டிலும் மற்றது பள்ளத்திலும், அதுவும் ஒரே ஒரு தரம்தான். வாய்ப்பாட்டை வரிசையாகக் கடகடவென்று ஒப்புவிக்கிற பிள்ளை, இடையில் "ஏழெட்டு எத்தனை" என்று கேட்டால் தடுமாறுமே, அதேதான் உனக்கும் நடக்கிறது. ஸ்விங்கில் பெரிய கோளாறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். சின்ன மரத்தடைகளைக் கையால் தட்டி விழுத்துவதை மூன்று விதமாகப் பழக்கினார்கள். ஒரு கூட்டம் ஒரு விதத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது, மற்றக் கூட்டம் மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பழகும்போது முதல் கூட்டம்தான் நன்றாகச் செய்தது. பத்து நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தால் கலந்து பழகியவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். பழகும்போது சுலபமாக வருவது மனதில் நிற்பதில்லை, கொஞ்சம் தடுமாறித் தடுமாறிப் பழகியதுதான் நிற்கிறது. ரேஞ்சில் நேராகப் போகிற பந்தைப் பார்த்து உனக்கு வருகிற சந்தோஷத்தை நம்பாதே என்று நான் சொல்வது அதனால்தான்.

நான் எப்படிப் பழகுகிறேன் என்று கேட்டிருந்தாய். வங்கி வேலையில் நுவரெலியாவில் இருந்த காலத்தில்தான் நான் இந்த விளையாட்டைப் பிடித்தது என்று உனக்குத் தெரியும். 1889இல் தொடங்கிய பழைய களம் அது, அதன் ஒவ்வொரு குழியும் கண்ணை மூடினால் வரும். இங்கே சீனக்குடாவில் பயிற்சிக்கு நிற்கும்போது அந்தக் களத்தை மனதிலே விரித்து ஆடுகிறேன். முதல் குழிக்கு டிரைவர் எடுத்து ஒரு பந்து. அது எங்கே விழுந்திருக்கும், இன்னும் எவ்வளவு தூரம் மிச்சம் என்று பார்த்து அதற்கேற்ற நடுத்தூர அயர்ன், பிறகு கிட்டத்துக்கு ஒரு வெட்ஜ். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று, இலக்கைப் பிடித்து, திரும்ப முதலில் இருந்து. இப்படி ஒரு சின்னக் கூடையை அடித்து முடிக்க நீ இரண்டு பெரிய கூடையை முடிக்கிற நேரம் எடுக்கும், தலையும் களைத்துவிடும். அந்தக் களைப்புத்தான் வேண்டியது. ஸ்விங்கில் ஏதாவது புதிதாகத் திருத்துவதென்றால் மட்டும் ஒரே கிளப்பால் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பழகு, அதற்கு அது தேவை, பிறகு கலந்துவிடு.

இங்கே ஆட்டக்காரரின் பை தூக்குகிற கேடிப் பொடியன் ஒருவன் இருக்கிறான், பதினாறு பதினேழு வயது இருக்கும். வேலை முடிந்த பிறகு ஒரு பழைய வெட்ஜும் தேய்ந்த பந்தொன்றுமாகக் குழி இருக்கிற கிரீன் புல்தரை ஓரத்தில் நிற்பான். நான் மரத்தடியில் இருந்து அவனைப் பார்ப்பது உண்டு. பந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னுக்கு எறிவான், எங்கே விழுகிறதோ அங்கே இருந்துதான் அடிப்பான். காய்ந்த புல், மண் தெரிகிற இடம், வேர் ஓரம், எதுவானாலும் பந்தைத் தொட்டு நல்ல இடத்தில் வைப்பதில்லை. அடிக்க முதல் குழியைப் பார்ப்பதைவிட, பந்து முதலில் விழ வேண்டிய இடத்தைத்தான் கூடுதலாகப் பார்ப்பான், அந்த இடத்துக்கு நடந்துபோய்க் குதிக்காலால் தரையை அழுத்திப் பார்த்துவிட்டு வருவான். அடித்த பிறகு, உருட்டி அடிக்கிற பட்டரை எடுத்து அந்தப் பந்தைக் குழிக்குள் போட்டு முடிக்காமல் அடுத்ததற்குப் போகமாட்டான். யாரும் சொல்லிக்கொடுத்து வந்தது இல்லை இது. இலங்கையின் நல்ல ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் கேடிகளாக ஆரம்பித்தவர்கள்தானே. இந்தியத் தொழில்முறைச் சுற்றில் நம் தங்கராஜாவின் பெயரையும் பிரபாகரனின் பெயரையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொடியன்தான் நினைவுக்கு வருவான்.

பட்டிங்தான் உன்னைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஆயிரக்கணக்கான ஷாட்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது, நல்லவர்களுக்கும் சாதாரணமானவர்களுக்கும் இடையிலான ஸ்கோர் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர ஷாட்களில்தான் வருகிறது, கிரீனிலும் அதைச் சுற்றியும் அல்ல என்று. இன்னொன்று, அமெரிக்காவின் பிஜிஏ தொழில்முறைச் சுற்றில் ஆடுகிறவர்களே எட்டு அடி தூரத்தில் இருந்து பாதித் தரம்தான் குழிக்குள் போடுகிறார்கள். நீ எட்டு அடியில் தவறவிட்டுத் தலையில் கை வைக்கிறாய், உலகத்தின் மிகச் சிறந்தவர்களுக்கும் அது பூவா தலையாதான். அதனால் ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு மூன்று குறிப்பு எழுதிக்கொண்டு வா: பந்து தொலைந்து தண்டனை அடி சேர்ந்ததா, கிரீனுக்கு அடித்தது முன்னாலேயே விழுந்துவிட்டதா, மூன்று பட் எடுத்தாயா. ஒரு மாதம் எழுதினால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். என் கணிப்பு, கிரீனுக்கு முன்னால் விழுவதுதான் உனக்குக் கூட இருக்கும். நம்மைப் போன்றவர்கள் எல்லோரும் தங்கள் வாழ்நாளில் நன்றாகப் பட்ட ஒரு 7 அயர்னை நினைத்துக்கொண்டு கிளப் எடுக்கிறோம். தூரம் கூடப் போகிற அடுத்த கிளப்பை எடு, கொடியை விட்டுவிட்டுக் கிரீனின் நடுவைப் பார்த்து அடி. இது ஒன்றிலேயே சில அடிகள் குறையும்.

பட்டிங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் கனடாவில் வேறு எதுவும் செய்ய முடியாது, வீட்டுக் கார்ப்பெட்டில் அதைப் பழகலாம். பட்டர் தலை மட்டுமட்டாகப் போகிற அளவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு டின்பால் பேணி வைத்து, அதன் நடுவால் அடித்துப் பழகு. பந்தின் பின்பக்கத்தில் ஒரு புள்ளியைப் பிடித்து, அடிக்கத் தொடங்க முதல் இருந்து பந்து உருண்டு போன பிறகும் கண்ணை அங்கேயே வை. கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்பவர் ஆட்டக்காரர்களின் கண் எங்கே நிற்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது, தேர்ந்தவர்களின் பார்வை பந்தில் இரண்டு மூன்று விநாடி அசையாமல் நிற்பதைக் கண்டார். மற்றவர்களின் கண் பந்துக்கும் குழிக்கும் பட்டருக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு இது நன்றாக உதவியிருக்கிறது, முக்கியமாகக் கிட்டத்தில் இருந்து போடும்போது.

இனி மனதைப் பற்றி. ஒரு கணக்குப் போட்டுப் பார் மச்சான். ஒரு ஸ்விங் எடுத்து முடிக்க இரண்டு விநாடி ஆகாது. 90 ஷாட் அடித்தாலும் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம், களத்தில் நிற்பதோ நான்கு மணித்தியாலம். மிச்ச நேரம் முழுக்க மனம்தான் ஆடுகிறது, ஆனால் அதை யாரும் பழகுவதில்லை. நான் செய்வது இதுதான்: பந்துக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் யோசிப்பேன், காற்று, தூரம், எந்தக் கிளப், எங்கே விழ வேண்டும் எல்லாம். பந்து போகிற பாதையை ஒருக்கா மனதில் பார்ப்பேன். 18 மேஜர் (பெரிய போட்டி) வென்ற ஜாக் நிக்லஸ் பயிற்சியில்கூட அந்தப் படம் மனதில் தெளியாமல் அடித்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். தீர்மானம் எடுத்த பிறகுதான் பந்துக்குக் கிட்டப் போவேன், போன பிறகு ஸ்விங்கைப் பற்றி எதுவும் இல்லை, இலக்கு மட்டும். அங்கே நின்று சந்தேகம் வந்தால் விலகித் திரும்பப் பின்னால் போவேன், யார் காத்துக்கொண்டு நின்றாலும் சரி. சந்தேகத்தோடு சரியான கிளப்பை அடிப்பதைவிடத் துணிந்து பிழையான கிளப்பை அடிப்பது மேல் என்பது என் கட்சி.

அடித்த பிறகு வருகிற கோபத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். கிளப் பையில் விழும் வரைக்கும் கோபப்படலாம், பை மூடியதும் அது முடிந்தது. அப்புறம் நடக்கும்போது கடலைப் பார், கூட வருகிறவரோடு கதை, தண்ணீர் குடி, அடுத்த பந்துக்குக் கிட்ட வரும்வரை கோல்ஃபைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. நான்கு மணித்தியாலமும் மனதைக் குவித்து வைத்திருக்க யாராலும் முடியாது.

ரோரி மக்கில்ராயைப் பார். 2011 மாஸ்டர்ஸ் போட்டியில் கடைசி நாள் நான்கு அடி முன்னிலையில் தொடங்கி 80 அடி எடுத்துக் கோட்டைவிட்டார், பத்தாவது குழியில் மட்டும் ஏழு. இரண்டு மாதம் போய் யூஎஸ் ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். ஆனால் என் மனதைப் பிடித்தது 2025 மாஸ்டர்ஸ்தான். விடிய விடிய இருந்து பார்த்தேன். முதல் குழியிலேயே டபுள் போகி (கணக்குக்கு மேலே இரண்டு அடி), இருந்த முன்னிலை போயிற்று. பதின்மூன்றாவதில் சின்ன வெட்ஜ் ஷாட் ஒன்று ஓடைக்குள். பதினெட்டாவதில் போட்டால் வெற்றி என்கிற குட்டி பட்டைத் தவறவிட்டார். மேஜர் வெல்லாமல் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சமநிலையை முறிக்கிற பிளே ஆஃபுக்குப் போகும் வழியில், இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று திங்கட்கிழமை யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் வாங்கியிருப்போமே என்று கேடி சொன்னாராம், ரோரியே பிறகு சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் போன பட் பின்னுக்குப் போய், முன்னால் இருப்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதே பதினெட்டாவதில் அடுத்த தரம் பேர்டி (கணக்குக்கு ஒரு அடி குறைய), நான்கு மேஜரையும் வென்ற ஆறாவது ஆள் ஆனார். அவருடைய ஸ்விங் நமக்கு ஒருநாளும் வராது, தவறிய பட்டை விட்டுவிட்டு அடுத்த பந்துக்குப் போவது நமக்கும் வரும்.

ஓகஸ்ட்டில் வருகிறாய் என்றால் தென்மேற்குக் கச்சான் காற்று உச்சத்தில் நிற்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். எதிர்காற்றில் பலமாக அடிக்காதே, பலமாக அடித்தால் பந்துக்குச் சுழற்சி கூடி மேலே எழும்பி நின்றுவிடும். இரண்டு படி தூரம் கூடிய கிளப் எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, முக்கால் ஸ்விங் போதும். தரை காய்ந்து இறுகியிருக்கும், விழுந்த பிறகு பந்து நெடுக ஓடும், அதையும் கணக்கில் எடு. இதை அங்கேயே காற்றடிக்கிற நாட்களில் பழகிக்கொண்டு வா.

சீனக்குடாக் களமான ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்ஸ் விமானப்படை முகாமுக்குள் இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, வாசலில் காட்டக் கடவுச்சீட்டை எடுத்து வா. கிளப்பெல்லாம் காவிக்கொண்டு வராதே, என்னிடம் இன்னொரு செட் இருக்கிறது, சப்பாத்தும் கையுறையும் மட்டும் போதும். டிக்கெட் போட்டதும் திகதியை எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்,
உவர்மலை, திருகோணமலை