வியாழக்கிழமை இரவு எட்டேகால்

டோர்ட்முண்ட்,
கார்த்திகை மாதம்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை ஆறுதலாக வாசித்தேன். டொக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் கட்டிலில் கிடந்து ரீவி பார்க்கிறாய் என்று உன் மனிசி என் மனிசிக்கு ஏற்கெனவே போன் எடுத்துச் சொல்லிவிட்டா. ஆகவே என்னிடம் ஒளிக்க வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, குளிசையை மாற்றித் தந்திருக்கிறார்கள். மூத்தவள் எஸ்ஸனுக்கு வீடு மாறிவிட்டாள். ஒரு நாயும் எடுத்திருக்கிறாள். அந்தக் கதை பிறகு.

பேத்தியோடு இருந்து பார்க்கிற கனடாத் தொடர் நாங்கள் அந்த நாளில் ரீவியில் பார்த்த ரெக்ஸா, அந்தப் பொலிஸ் நாயின் கதையா என்று கேட்டிருந்தாய். ஓம், அதுதான். ஆனால் ஊரும் வேறு, ஆட்களும் வேறு, நாயும் வேறு. ஒஸ்திரியத் தொடரை வைத்து 2019இல் கனடாவில் புதிதாக எடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் தொடரில் வருகிற நாயின் உண்மைப் பெயர் டீசல். பேத்தியிடம் சொல்லிப் பார், நம்பமாட்டாள்.

எங்கள் ரெக்ஸ் இங்கத்தைய சாட் அய்ன்ஸ் ரீவியில் தொடங்கியது 1994 நவம்பர் 10. திகதி மகள் தேடிச் சொன்னது. வியாழக்கிழமை இரவு எட்டேகால் என்பதை எனக்கு ஒருவரும் தேடிச் சொல்லத் தேவையில்லை. உணவகத்தில் உனக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்க முதலாளியிடம் என்னென்ன பொய் சொன்னோம் என்று உனக்கே தெரியும். ரீவி, நீயும் பெரியண்ணையும் தெருவில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரர் பழைய சாமான்களை வாசலில் வைக்கிற நாளுக்கு முதல்நாள் இரவு அந்த ஏரியாவை ஒரு சுற்றுச் சுற்றுவது எங்கள் வழக்கம். அந்த ரீவியில் எல்லாருக்கும் முகம் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் ரெக்ஸோடு திரிகிற துப்பறிவாளன் மோசருக்கு மனிச நிறம் வரும். நாய்க்கு மட்டும் நிறம் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

முதல் கதை ஞாபகம் இருக்கா? ரெக்ஸை வைத்திருந்த பொலிஸ்காரனைச் சுட்டுவிடுகிறார்கள். நாய் ஒடிந்து போய்விடுகிறது. மனைவியைப் பிரிந்த மோசர் அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். பெரியண்ணை சோற்றைப் பிசைந்தபடி, "ரெண்டு பேருக்கும் ஆளில்லை, இனி ஒத்துப்போகும்" என்றார். எங்களுக்கு டொச், அதுதான் ஜேர்மன் மொழி, அவ்வளவு தெரியாத காலம். கோப்பை கழுவுகிற இடத்தில் தேவைப்படுகிற சொற்களும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தேவைப்படுகிற சொற்களும்தான் கையில் இருந்தன. கொலைகாரன் யார், ஏன் கொன்றான் என்பதெல்லாம் பாதிதான் விளங்கும். பெரியண்ணை நடுவில் புகுந்து விளக்கம் சொல்வார். அது பெரும்பாலும் அவராக இட்டுக்கட்டிய இன்னொரு கதை. அதுவும் நல்லாகத்தான் இருக்கும்.

ஆனால் கொலையைப் பார்க்கவா நாங்கள் இருந்தோம்? அந்தச் சாப்பாட்டுத் திருட்டுக்காக அல்லவா. மோசரோடு வேலை செய்கிற ஸ்டொக்கிங்கர் மேசையில் வூர்ஸ்ட்செம்மலை, அந்த இறைச்சி வைத்த பாணை, வைத்துவிட்டுப் போனை எடுப்பான். மேசை விளிம்பில் முதலில் இரண்டு காது தெரியும், பிறகு மூக்கு. அவன் கதைத்துக்கொண்டே கையை நீட்டினால் அங்கே வெறும் கடதாசி. நாய் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கும், தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்கிற மாதிரி. நீ ஒவ்வொரு முறையும் முதல் முறை பார்க்கிறவனைப் போலச் சிரிப்பாய். கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால் கூரையில் இடித்த பிறகும் சிரிப்பாய்.

அந்த ஸ்டொக்கிங்கராக நடித்த கார்ல் மார்கோவிக்ஸ் பிறகு எங்கே போனான் தெரியுமா? முதலில் அந்தப் பாத்திரத்தையே சால்ஸ்பூர்குக்கு மாற்றி அவனுக்குத் தனித் தொடர் எடுத்தார்கள், அது நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் 2008இல் வெளிநாட்டுப் படத்துக்கான ஒஸ்கார் ஒரு ஒஸ்திரியப் படத்துக்குக் கிடைத்ததே, அதில் முக்கிய ஆளே அவன்தான். படத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒருபடவில்லை. வதைமுகாமுக்குள் நடக்கிற கதை, அவனும் அருமையாக நடித்திருக்கிறான். நான் என்னவென்றால், இவனுடைய பாணை நாய் எடுத்துக்கொண்டு போகுமே என்று நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

மச்சான், ஒரு விஷயம் இப்போதுதான் யோசிக்கிறேன். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பொலிஸ் என்றால் என்ன? ஊரில் இரவில் நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்க வேலியைப் பார்க்கிற ஆட்கள் நாங்கள். இங்கே வந்தால் பச்சைச் சீருடை. விசா வழக்கு முடியும்வரை குறித்த வட்டாரத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக்கூடாது. இரண்டு ஸ்டேசன் தள்ளி இருக்கிற சொந்தக்காரனின் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகவும் நெஞ்சு இடிக்கும். சனிக்கிழமை டோர்ட்முண்டில் உதைபந்தாட்டம் என்றால் ஸ்டேசன் முழுக்கப் பொலிஸ், வாய்க்கூடு போட்ட நாய்கள். குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறவர்களுக்காகத்தான் அந்த நாய்கள், எங்களுக்காக இல்லை. தெரிந்தும் நீ என்னை இழுத்துக்கொண்டு மற்ற வாசலால் போவாய். சோலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பேர் செத்தது 1993 மே மாதம். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் பெரியண்ணை படுக்கைக்குப் பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்தார். அடுத்த வருஷக் கடைசியில் அதே ஆட்கள் ஒரு பொலிஸ் நாய்க்காகச் சோறு சமைத்து முடித்து, பாத்திரம் கழுவி முடித்து, எட்டு மணிக்கே கதிரை போட்டு இருக்கிறோம்!

இதை மகளிடம் சொன்னேன். அவள் படித்தவள் அல்லவா, தொலைக்காட்சி பொலிஸை நல்லவனாகக் காட்டி எங்களை ஏமாற்றியது என்றாள். இருக்கலாம். ஆனால் ஸ்டேசனில் எங்கள் பயம் ஒரு துளியும் குறையவில்லையே. ரெக்ஸைப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை நாங்கள் அந்த வாய்க்கூட்டு நாயைத் தடவிக்கொடுக்கவா போனோம்? பழையபடி மற்ற வாசல்தான். அந்த நாடு பொலிஸ் என்று ஒன்றை வீட்டுக்குள் வைத்துப் பகிடி பண்ணுகிறது, அது சோபாவில் ஏறிப் படுக்கிறது, பாணைத் திருடுகிறது, ஒருவரும் அடிக்கவில்லை. அதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பொலிஸைப் பற்றி அப்படி ஒரு பகிடி யாரும் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

நீ 1997இல் கனடாவுக்குப் போய்விட்டாய். மோசர் செத்தது 1998இல். நீ பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதே ஒரு குறை. மனிசி கொழும்பில் இருந்து வந்து சில மாதம்தான். டொச்சில் 'குட்டன் ராக்' தாண்டி ஒன்றும் தெரியாது, மோசரையும் அவ்வளவாகத் தெரியாது. மோசரைச் சுட்டதும் நாய் போய்ப் பக்கத்தில் படுத்ததைப் பார்த்து விம்மி அழத் தொடங்கிவிட்டா. பெரியண்ணை எழும்பி ரீவியை நிற்பாட்டிவிட்டார். குடும்பத்தோடு இருந்து பார்க்கச் சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று அவருக்குக் கோபம். நியாயமான கேள்விதான். நாய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னப் பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம், ஆனால் கிழமைக்கு ஒரு கொலை, சிலது சரியான கோரம்.

பிறகு மோசரின் இடத்துக்குப் பிரண்ட்னர் வந்தான், 2002இல் ஹொஃப்மன் வந்தான். பிரண்ட்னர் பரவாயில்லை. ஹொஃப்மன் காலத்தில் நான் பார்க்கிறதை விட்டுவிட்டேன், எனக்கு அது ஒட்டவில்லை. 2004இல் வியன்னாவில் மூடுவிழா. அதோடு விடவில்லை. இத்தாலியருக்கு ரெக்ஸ் மேல் அப்படி ஒரு பைத்தியம், 2008இல் அவர்களே நாயை ரோமாபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய் 2015 வரை எடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த ரெக்ஸுக்கு இருபது வயதுக்கு மேல். அல்சேசன் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்தாலே பெரிய விஷயம். உண்மையில் வியன்னாவிலேயே நாய் மாறிவிட்டது. முதல் நாயை பீஜே என்று கூப்பிடுவார்களாம். அதைப் பழக்கியது அமெரிக்காவில் இருந்து வந்த தெரேசா ஆன் மில்லர் என்ற பெண். பிறகு வந்த நாய்க்குப் பெயர் ரெட் பட்லர். ஆள் மாறியதற்கு அவ்வளவு அழுத நாங்கள் நாய் மாறியதைக் கவனிக்கவே இல்லை. மெல்பேர்னில் இருக்கிற மச்சாளும் அங்கத்தைய எஸ்.பி.எஸ். ரீவியில் ஆங்கில எழுத்தோடு இதைத்தான் பார்த்தாவாம். நாயின் முகத்தைப் பார்ப்பேனா, எழுத்தை வாசிப்பேனா என்று கேட்கிறா.

உங்கள் கனடா ரெக்ஸை நானும் மகளின் கணினியில் இரண்டு பாகம் பார்த்தேன். நாய் கெட்டிக்காரன். ஆனால் எல்லாம் சரியான துப்புரவு, ஒருவருடைய சட்டையிலும் கசங்கல் இல்லை. ஊர்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சென்ட் ஜோன்ஸ்! மலைச்சரிவில் நிறம் நிறமாக வீடுகள், துறைமுகத்துக்குள் நுழைகிற அந்த ஒடுங்கிய வாய். அந்தப் பெயரை முதலில் எங்கே கேட்டோம் என்று யோசித்துப் பார். 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், மூடுபனிப் புகாருக்குள், இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழர்கள். உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள், பிறகு அவர்களைச் சென்ட் ஜோன்ஸுக்குக் கொண்டுவந்து பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள். அந்தக் கப்பல் புறப்பட்டது இதே ஜேர்மனியில் இருந்து. இங்கே விசா கிடைக்காது என்று தெரிந்து ஏறியவர்கள். 2016இல், முப்பது வருஷம் கழித்து, அவர்களில் சிலர் திரும்பிப் போய் அந்த மீனவக் கப்டனைக் கண்டு நன்றி சொன்ன படத்தைப் பேப்பரில் பார்த்தேன். உங்கள் ரெக்ஸ் ஓடித் திரிகிற துறைமுகம் அதுதான். பேத்திக்கு இதையும் சொல்லு. கொலைகாரனைப் பிடிக்கிற கதையைவிட இது நல்ல கதை.

சரி, மகளின் நாய்க்கு வருவோம். மிருகக் காப்பகத்தில் இருந்து எடுத்தது, பாதி அல்சேசன், மற்றப் பாதி என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. நாய்க்கு இங்கே நகரசபைக்கு வரி கட்ட வேண்டும், அது உனக்கு ஞாபகம் இருக்கும். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்று மனிசி சட்டம் போட்டா. இப்போது நாய் குசினி வாசல்வரை வரலாம், கார்த்திகை விளக்கீட்டன்று மட்டும் பல்கனியில் இருக்க வேண்டும். தோசை சுடும்போது முதலாவது கல்லில் ஒட்டும் அல்லவா, அது அதற்கு என்று ஒதுக்கி வைக்கிறா. டொக்டர் எனக்குத் தோசையைக் குறைக்கச் சொன்ன பிறகு நாய்க்குக் கூடிவிட்டது.

நாய் பழக்குகிற வகுப்புக்கு நானும் ஒருநாள் கூடப் போனேன். சொல்லிக்கொடுக்கிறவர் பொலிஸில் நாய் வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ரெக்ஸ் என்றதும் தலையில் கைவைத்துச் சிரித்தார். அவர் வேலையில் இருந்த காலம் முழுக்க, பாருக்குப் போனால் உன் நாய் கதவு திறக்குமா, போன் எடுக்குமா என்று கேட்டுச் சாகடித்தார்களாம். உண்மையில் மோப்பம் பிடித்துத் தேடுகிற வேலை என்றால் ஒரு நாய்க்கு ஒன்றுதான் என்றார். போதைப்பொருள் தேடுகிற நாயை வெடிமருந்துக்குப் பழக்கமாட்டார்கள். நாய் ஒரு பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டால் உள்ளே எது இருக்கிறது என்று ஆளுக்குத் தெரியவேண்டும் அல்லவா? போதைப்பொருள் என்றால் பெட்டியைத் திறக்கலாம், வெடிமருந்து என்றால் ஓடவேண்டும். இப்போது அல்சேசனைவிட பெல்ஜிய மலினுவா நாயைத்தான் கூட எடுக்கிறார்களாம், பாரம் குறைவு, வேகம் கூட. ஆனால் ஒன்று சொன்னார், தொடரில் உண்மையாகக் காட்டியது இதுதான் என்று: பொலிஸ் நாய் அநேகமாக அந்த ஆளின் வீட்டிலேயேதான் வளரும், கிழடான பிறகும் அங்கேயே இருக்கும். அவருடைய நாயும் அப்படித்தான் இருந்து செத்ததாம். அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை, வகுப்புக்குத் திரும்பிவிட்டார்.

கால் தேறி, பிளேனில் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னால் வருகிற ஆனி மாதம் வா. இங்கே ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு நிற்கலாம். அது முடிய நீயும் நானும் வியன்னாவுக்கு ஒருக்கால் ரெயினில் போய்வருவோம், இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் நான் போனதே இல்லை. பெரியண்ணையையும் கேட்டேன். வருகிறேன் என்கிறார், ஆனால் மோசர் செத்த இடம் எதையும் காட்டக்கூடாதாம். மனிசி உனக்கு முருங்கைக்காய்த் தூள் கேட்டு எழுதச் சொன்னா, ஸ்காபரோவில் கிடைக்கிறது நல்லதாம். அரைக் கிலோ போதும்.

பேத்திக்கு என் அன்பு. கனடா ரெக்ஸ் சாப்பாடு திருடுமா என்பதை அவளிடம் கேட்டு எழுது. நான் பார்த்த இரண்டு பாகத்திலும் காணவில்லை.

அன்புடன்,
உன் பழைய அறைக்காரன்