நான் இளைத்தது நோயால் இல்லை, பாப்பா

குன்னூர்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்ததும், "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சேம்மா" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாய். அப்புறம் சிக்னலும் போய்விட்டது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், உன்னைப் பார்த்து நானும் அழுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் இளைத்தது நோயால் இல்லை கண்ணு. நானாகத்தான் இளைக்கிறேன், டாக்டருக்குத் தெரிந்துதான்.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் போகும்போது நான் 58 கிலோ. கீமோவும் ரேடியேஷனும் முடித்துக் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்தபோது 66. அடுத்த ஒரு வருஷத்தில் 69. கீமோ என்றாலே எலும்பும் தோலுமாகிவிடுவார்கள் என்றுதானே நாம் பயந்தோம்? மார்பகப் புற்றுநோயில் பலருக்கு நேர்மாறாக நடக்கிறது. கீமோவோடு கொடுக்கிற ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிடும். அசதியில், இந்தக் குளிரில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "நல்லா தேறிட்டீங்க" என்றார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? சித்தி நெய் ஊற்றிச் சத்துமாவுக் கஞ்சி கொடுத்தாள். சாயங்கால டீக்கு நாலு வர்க்கி. நீ அனுப்பிய பேரீச்சம்பழமும் முந்திரியும் வேறு. எல்லாம் பிரியத்தில் வந்தவை, யார்மீதும் எனக்குக் குறையில்லை. ஆனால் சதை போட்டால் உடம்பு தேறிவிட்டது என்று நம் ஊரில் நினைக்கிறோமே, என் விஷயத்தில் அது தப்பு.

போன வருஷக் கடைசி செக்கப்பில் டாக்டர் எடைச்சீட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் விளக்கினார். எனக்கு வந்தது ஹார்மோன் பாசிட்டிவ் வகை, ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனைத் தின்று வளர்வது. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை அதைச் சுரப்பது அநேகமாக நின்றுவிடும். ஆனால் உடம்புக் கொழுப்பில் அரோமடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். நான் தினமும் போடும் லெட்ரோசோல் அந்த நொதியைத்தான் தடுக்கிறது. ஒரு பக்கம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் கொழுப்பை வளர்த்துக்கொண்டிருந்தேன். கொழுப்பு சேர்ந்தால் இன்சுலினும் கூடும், அதுவும் நல்லதில்லையாம். எடை ஏற ஏற, நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை வீங்குகிற அபாயமும் கூடும்.

2014-ல் 82 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே பருமனாக இருந்தவர்களிடம் இறப்பு, சரியான எடையில் இருந்தவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகமாக இருந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. எடையைக் குறைத்தால் நோய் திரும்பவே திரும்பாது என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை, இதயம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நல்லது என்றார். எனக்கு அது போதும்.

எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன், இப்போது 64. பட்டினி எல்லாம் இல்லை. சோற்றைப் பாதியாக்கி அவரையும் முட்டைக்கோஸும் கேரட்டும் நிறைய வைத்துக்கொள்கிறேன். தசை குறையக் கூடாது என்பதால் தினம் ஒரு முட்டை, கொஞ்சம் பயறு. வர்க்கி ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும். காலையில் பனி விலகியதும் சிம்ஸ் பூங்கா வரை நடந்து வருகிறேன், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம். முதலில் நம் வீட்டுப் படி ஏறுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தேன். இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறேன் பாப்பா! லெட்ரோசோல் போட்டால் காலையில் விரல் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும், நடந்தால் அதுவும் இளகுகிறது.

நீ பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. காரணமில்லாமல் திடீரென்று எடை இறங்கினால் உடனே வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதிவைக்கிறேன். எதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

டிசம்பரில் வரும்போது முந்திரி வேண்டாம். எனக்கு ஆறாம் நம்பர் நடக்கிற ஷூ ஒன்று வாங்கி வா, பழையது தேய்ந்து இறக்கத்தில் வழுக்குகிறது. அடுத்த செக்கப் வரும் 14-ம் தேதி. எடைச்சீட்டைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா